டான்சில் அறுவைச் சிகிச்சை: "லேசரா, சாதாவா?" என்பதோடு நிறுத்திவிடாதீர்கள்

பிள்ளைக்கு டான்சிலையும், மூக்குக்குப் பின்னால் வளர்ந்த அடினாய்டுச் சதையையும் எடுக்க வேண்டும் என்றதும், தஞ்சாவூருக்கும் கும்பகோணத்துக்கும் வரும் பெற்றோர் பலர் முதலில் கேட்பது, "லேசரா, சாதா ஆபரேஷனா?" என்பதுதான். கருவியின் விலையை வைத்துப் பாதுகாப்பை அளப்பது தவறு. இங்கிலாந்திலும் வட அயர்லாந்திலும் 2003-04இல் ஏறத்தாழ 34,000 பேரை ஆராய்ந்த கணக்கெடுப்பில், கத்தரியால் பிரித்து நூலால் கட்டும் பழைய முறையைவிட, மின்சூட்டைப் பயன்படுத்தும் டயதெர்மியிலும், ரேடியோ அலை மின்சாரத்தால் குறைந்த சூட்டில் சதையைக் கரைக்கும் கோப்ளேஷனிலும் ரத்தக்கசிவு அதிகம் காணப்பட்டது. பின்னர் பரவிய, டான்சிலின் உறையை விட்டுவிட்டு உள்சதையை மட்டும் எடுக்கும் முறையில் வலியும் கசிவும் குறைவு. சிலருக்கு மிச்சச் சதை மீண்டும் வளரலாம்.

15 கிலோ எடையுள்ள குழந்தைக்கு உடலில் மொத்த ரத்தமே ஏறத்தாழ 1.2 லிட்டர்தான். சிறு கசிவுக்கும் அறுவை மருத்துவர் பதறுவதற்கு அதுவே காரணம். பெற்றோரின் வற்புறுத்தலுக்காக அவர் கைபழகாத கருவியை எடுக்க நேர்ந்தால், அந்தப் பதற்றம் கூடவே செய்யும். "வழக்கமாக எந்த முறையில் செய்கிறீர்கள்? இரவில் ரத்தம் வந்தால் யாரைப் பார்ப்பது?" என்று கேளுங்கள்.

"சும்மா தொண்டையைப் பார்ப்பார்கள்" என்று பிள்ளையிடம் பொய் சொல்ல வேண்டாம்.

பெருந்தவறு, வீடு திரும்பியதும் எல்லாம் முடிந்ததென எண்ணுவது. காயத்தின் மேல்தோல் உதிரும் ஐந்தாம் நாளிலிருந்து பத்தாம் நாள் வரை மீண்டும் ரத்தம் கசியலாம். அப்படிக் கசிந்தால் உடனே மருத்துவமனைக்கு வர வேண்டும்; வேதாரண்யத்திலிருந்தே தஞ்சாவூர் சுமார் நூறு கிலோமீட்டர். அந்த நாள்களில் குலதெய்வக் கோயிலுக்கு இன்னும் தொலைவு போவானேன்? தொண்டையில் தெரியும் வெள்ளைப் படலம் சீழன்று. அதைத் துடைக்கக் கூடாது. வலிக்குப் பயந்து பட்டினி போடாமல், எழுதிக் கொடுத்த வலி மருந்தை வேளை தவறாமல் கொடுத்து, ஆறிய நொய்க்கஞ்சியும் இளநீரும் அடிக்கடி கொடுங்கள். கோடீன் (அபின் வகை வலி, இருமல் மருந்து) கலந்த மருந்தும் ஆஸ்பிரினும் கூடவே கூடாது. ரோஸ் மில்க்கைத் தவிர்ப்பது நல்லது, வாந்தி எடுத்தால் ரத்தமா நிறமா என்று தெரியாது. தூங்கும் பிள்ளை எச்சில் விழுங்குவதுபோல் திரும்பத் திரும்ப விழுங்கினால், எழுப்பி, விளக்கைப் போட்டு வாயைப் பாருங்கள். சிவப்பு தெரிந்தால் விடியும்வரை காத்திராமல் 108ஐ அழையுங்கள்.