பால் குறைந்தால் முதலில் தண்ணீர்த் தொட்டியைப் பாருங்கள்

கறவை மாட்டில் பால் குறைந்தால் எங்கடை ஆட்கள் பலர் உடனே புண்ணாக்கைக் கூட்டுவார்கள். அதற்கு முன் தண்ணீரைப் பாருங்கள். பாலில் ஏறத்தாழ 87 சதவீதம் தண்ணீர்தான். ஒரு லீற்றர் பாலுக்கு மாடு 3 முதல் 5 லீற்றர் தண்ணீர் குடிக்க வேண்டும். யாழ்ப்பாணத்துச் சித்திரை வெயிலில் இன்னும் கூட. காலையும் மாலையும் ஒவ்வொரு வாளி காட்டினால் எப்படிக் காணும்? கொட்டிலிலேயே, நிழலில், இரவிலும் தண்ணீர் இருக்கட்டும். தொட்டிக்குள் கையை விட்டுப் பாருங்கள். சுவர் வழுக்கினால் பாசிதான், தேய்த்துக் கழுவுங்கள். வெயிலில் சூடேறிய தண்ணீர் என்றால் மாடு மூக்கை வைத்துவிட்டுத் திரும்பிவிடும்.

அடுத்தது குழை. வைக்கோலும் கிழித்த பனையோலையும் வயிற்றை நிரப்பும், ஆனால் புரதம் குறைவு. வேலியில் நிற்கும் கிளிரிசிடியா மரத்தின் குழையை வெட்டி, சில மணி நேரம் வாடவிட்டு, கொஞ்சமாகத் தொடங்கிக் கூட்டுங்கள். பச்சையாகப் போட்டால் வாசத்துக்கே சில மாடுகள் தொடாது. காசில்லாத தீனி இது, ஏனோ வெட்டி எரிக்கிறார்கள்.

ஜேர்சிக் கலப்புக்கு நாட்டு மாட்டைவிட வெயில் ஆகாது. தகரக் கூரை என்றால் மேலே கிடுகு பரப்புங்கள். கறக்கும் நேரத்தை அடிக்கடி மாற்ற வேண்டாம். முதல் பீச்சுப் பாலைக் கறுப்புத் துணியில் விட்டுப் பாருங்கள். பால் திரிந்து சிறு கட்டிகளாகத் தெரிந்தால் அது மடிநோயாக இருக்கலாம். அப்போது தீனியை மாற்றிப் பயனில்லை, கால்நடை வைத்தியரைக் கூப்பிடுங்கள்.