பெங்களூரிலிருந்து ராமநகரப் பாறைகளுக்கு ஒரு நாள்: வண்டி பேசுவது முதல் வீடு திரும்புவது வரை

ஊரிலிருந்து சித்தப்பா குடும்பம் வந்தால் பெங்களூர்க்காரர்கள் வழக்கமாக லால்பாகைக் காட்டுவார்கள், இல்லையென்றால் நந்தி மலைக்குக் கூட்டிப்போவார்கள். ஆனால் 'ஷோலே' இந்திப் படத்தை எடுத்த ராமநகர மலை மைசூர் ரோட்டில் சுமார் 50 கி.மீ. தொலைவில் இருக்கிறது. அங்கிருந்து ஒரு மணி நேரத்தில் சாவனதுர்கா மலை. டேவிட் லீன் 1984-ல் வெளியிட்ட 'எ பேசேஜ் டு இந்தியா' படத்தின் மராபார் குகைக் காட்சிகளை இந்த இரண்டு இடங்களிலும்தான் எடுத்தார். சினிமாப் பைத்தியமும் மலைப் பைத்தியமும் ஒரே வண்டியில் ஏறினாலும் இருவருக்கும் தீனி உண்டு. முதல் தடவை ஏற்பாடு செய்பவர்களுக்காக, தொடக்கத்திலிருந்தே சொல்கிறோம்.

படி 1: எதை விடுவது என்று முதலில் முடிவு செய்யுங்கள்

பலர் சறுக்குவது இங்கேதான். ராமநகரம் பெங்களூருக்குத் தென்மேற்கே, நந்தி மலை வடக்கே. இரண்டையும் ஒரே நாளில் போட்டால் நடுவில் பெங்களூர் டிராஃபிக் மூன்று மணி நேரத்தை விழுங்கிவிடும். கே.ஜி.எஃப். என்னும் கோலார் தங்க வயலின் சயனைடு குன்றை, அதாவது சுரங்கக் கழிவு மண் மேட்டை, பார்க்க வேண்டும் என்று பிள்ளைகள் கேட்பார்கள். அது கிழக்கே 100 கி.மீ. தள்ளி இருக்கிறது. தமிழ் பேசியே சமாளித்துவிடலாம் என்பதால் அந்த ஊருக்கு ஒரு தனி நாளே ஒதுக்கலாம், இன்றைக்கு வேண்டாம்.

அடுத்து, சாவனதுர்கா ஏற்றம். கடல் மட்டத்திலிருந்து 1,226 மீட்டர் உயரம், ஏறக்குறைய முழுக்க ஒற்றைக்கல், ஏறி இறங்க மூன்று நான்கு மணி நேரம், வழியில் நிழல் என்று ஒன்று கிடையாது. ராமதேவர பெட்டாவில், அதாவது ராமநகரத்தின் ஷோலே மலையில், காலையில் படியேறிவிட்டு, உச்சி வெயிலில் இதையும் ஏறுவது வேண்டாத வேலை. இந்தத் திட்டத்தில் சாவனதுர்காவை அடிவாரத்திலிருந்து பார்க்கிறோம், அவ்வளவுதான். ஏறியே தீருவேன் என்பவர்கள் வேறொரு நாள் விடியற்காலையில் நேராக அங்கே போகட்டும். கர்நாடக வனத்துறையின் ஆன்லைன் தளத்தில் முன்பதிவு பார்த்துக்கொள்ள வேண்டும், ஆளுக்கு 2 லிட்டர் தண்ணீர் எடுத்துக்கொள்ள வேண்டும், பாறையில் வரைந்த அம்புக்குறியை விட்டு விலகக் கூடாது.

படி 2: வண்டி பேசுவது

டிராவல்ஸ்காரர் இரண்டு விதமாக விலை சொல்வார். ஒன்று அவுட்ஸ்டேஷன்: ஒரு நாளைக்குக் குறைந்தது 250 அல்லது 300 கி.மீ. ஓடியதாகக் கணக்கு, அதோடு டிரைவர் பேட்டா. மற்றொன்று லோக்கல் பேக்கேஜ்: 8 மணி நேரம் 80 கி.மீ., அல்லது 12 மணி நேரம் 120 கி.மீ.

அல்சூர், இந்திராநகர் பக்கமிருந்து கிளம்பி இந்தச் சுற்றை முடித்தால் சுமார் 150 முதல் 170 கி.மீ. ஓடும். கணக்குக்காக வைத்துக்கொள்வோம்: அவுட்ஸ்டேஷன் கி.மீ.க்கு 14 ரூபாய் என்றால் 300 கி.மீ.க்கு 4,200, பேட்டா 400, ஆக 4,600. பன்னிரண்டு மணி நேரப் பேக்கேஜ் 3,000, கூடுதல் 40 கி.மீ.க்கு 16 ரூபாய் வீதம் 640, ஒரு மணி நேரம் கூடினால் 200, ஆக 3,840. இன்றைய ரேட்டைக் கேட்டு நீங்களே இந்தக் கூட்டலைப் போட்டுப் பாருங்கள். ஒரு பேச்சு மட்டும் விட்டுப்போகக் கூடாது: லோக்கல் பேக்கேஜ் என்றால் சிலர் நகர எல்லைக்குள் மட்டும் என்பார்கள். 'ராமநகரம், மஞ்சனபெலே, சாவனதுர்கா போய் வர' என்று ஊர்ப்பெயர்களை வாட்ஸ்அப்பில் எழுதி, சரி என்று பதில் வாங்கிக்கொள்ளுங்கள். மாலையில் வரும் வாக்குவாதத்தில் பாதி அங்கேயே அடங்கிவிடும்.

மீதிப் பாதி 'கராஜ் டு கராஜ்' கணக்கிலிருந்து வருவது. வண்டி ஷெட்டிலிருந்து கிளம்பித் திரும்ப ஷெட்டுக்குப் போகும்வரை மீட்டர் ஓடும். ஷெட் உங்கள் வீட்டிலிருந்து 15 கி.மீ. தள்ளி இருந்தால் 30 கி.மீ. உங்கள் தலையில் விழும். அதனால் ஷெட் எங்கே என்று கேட்டுவிட்டுப் பேசுங்கள்.

மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்து, அதுதான் வாடகை வண்டி. 'தெரிஞ்சவர் வண்டி, கம்மியா வரும்' என்று வெள்ளைப் பலகை வண்டி வந்தால் ஏறாதீர்கள். சொந்த உபயோகத்துக்குப் பதிவான வண்டியை வாடகைக்கு ஓட்டுவது சட்டப்படி தவறு, விபத்து என்றால் காப்பீட்டுக்காரர் கையை விரிப்பார். நான்கு பேருக்கு செடான் போதும். ஆறு பேர் என்றால் எர்டிகா, கடைசி வரிசை சிறுவர்களுக்கு. மூட்டுவலிக்காரரை அங்கே மடக்கி உட்காரவைத்தால் பிடதி வருவதற்குள் முனகல் கேட்கும்.

செலவைக் குறைக்க ஒரு குறுக்குவழி: பர்ப்பிள் லைன் மெட்ரோ இப்போது கெங்கேரியைத் தாண்டி சல்லகட்டா வரை போகிறது. அல்சூரில் ஏறினால் மாற வேண்டியதே இல்லை. கெங்கேரிப் பக்க வண்டியைப் பேசி, அங்கிருந்து ஏறிக்கொள்ளலாம். ஆனால் ஞாயிற்றுக்கிழமை முதல் ரயில் காலை 7 மணிக்குத்தான். சனிக்கிழமைக்குப் பொருந்தும் யோசனை இது, ஞாயிறுக்கு உதவாது.

படி 3: முந்தைய நாள் இரவு, ஷோலே படத்தைப் பார்ப்பது

இதைச் செய்யாமல் போனால் அங்கே வெறும் பாறைதான் தெரியும், ஏனென்றால் செட் எதுவும் இல்லை. கலை இயக்குநர் ராம் யேடேகர் மலையடியில் ஒரு முழுக் கிராமத்தையே எழுப்பினார். பெங்களூர் நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே போக ரோடும் போட்டார்கள். படப்பிடிப்பு 1973 அக்டோபரில் தொடங்கியது. அந்தப் பகுதியை மக்கள் 'சிப்பி நகர்' என்றே கொஞ்ச காலம் அழைத்தார்கள். படம் 1975 ஆகஸ்ட் 15 அன்று வெளியானது. வீடுகள் போய்விட்டன. கல் மட்டும் இருக்கிறது.

ஆகவே கல்லைத்தான் படிக்க வேண்டும். படத்தை நிறுத்தி நிறுத்தி ஆறேழு ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். ஆட்களின் முகம் தெரியும் காட்சி உதவாது. பின்னால் மலையின் விளிம்பு வானத்தோடு சேரும் கோடு முழுதாகத் தெரியும் காட்சியைத் தேர்ந்தெடுங்கள். மரம், புதர், பாதை எல்லாம் ஐம்பது ஆண்டில் மாறிவிட்டன. அந்த விளிம்புக் கோடு மாறவில்லை. இங்குள்ள குளோஸ்பேட் கிரானைட்டுக்கு வயது சுமார் 250 கோடி ஆண்டு. நடுவில் ஓர் அரை நூற்றாண்டு அதற்கு ஒரு பொருட்டே இல்லை. ராமநகரத்தின் பழைய பெயரே குளோஸ்பேட்தான், ஆங்கிலேய அதிகாரி பேரி குளோஸின் பெயரில் வந்தது.

ரயில் சண்டைக் காட்சியைத் தேடாதீர்கள். பெங்களூர்–மைசூர் ரயில் பாதை இந்த ஊர் வழியாகவே போவதால், 'இங்கேதான் எடுத்தார்கள்' என்று யாராவது கை காட்டுவார்கள். அதை எடுத்தது பன்வேல் அருகே, பம்பாய்–பூனா பாதையில்.

படி 4: காலை ரோடு

நகரத்திலிருந்து 5:45-க்குள் கிளம்புங்கள். கெங்கேரியை 6:30-க்குள் தாண்டிவிட்டால் நாள் உங்கள் கையில். 7:30 ஆகிவிட்டால் மைசூர் ரோடு உங்களைக் கையில் எடுத்துக்கொள்ளும்.

மைசூர் எக்ஸ்பிரஸ்வே மெயின் ரோட்டில் ஏறினால் கணிமினிகே சுங்கச்சாவடியில் பணம் போகும், பிடதியையும் ராமநகரத்தையும் பைபாஸ் சுற்றிக்கொண்டு போய்விடும். பேச்சு மும்முரத்தில் கவனிக்காமல் விட்டால் ராமநகரம்–சன்னபட்டணம் பைபாஸ் மட்டும் 20 கி.மீ.க்கு மேல் இழுத்துக்கொண்டு போகும். கூகுள் மேப்பும் வேகமான வழி என்று அதையே காட்டும். டிரைவரிடம் கிளம்பும்போதே சொல்லிவிடுங்கள்: "ஹளே மைசூரு ரோடு, சர்வீஸ் ரோடல்லி ஹோகி." கன்னடத்தில் 'ஹளே' என்றால் நம் 'பழைய'தான், பகரம் ஹகரமாகிவிட்டது. சுங்கமும் மிச்சம், இட்லியும் கிடைக்கும்.

பிடதியில் தட்டே இட்லி. சாப்பாட்டுத் தட்டு அகலத்தில், மேலே வெண்ணெய் உருகிக்கொண்டு வரும். ஆளுக்கு 2 போதும். 3 சொல்லிவிட்டு மலைப்படியில் மூச்சு வாங்குபவர்களை அங்கே பார்க்கலாம். கழிப்பறை வேலையையும் இங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.

படி 5: ராமதேவர பெட்டா

ஊருக்குள் நுழைவதற்கு முன்பே வலப்பக்கம் பிரிந்து சில கி.மீ. உள்ளே போக வேண்டும். இது பிணந்தின்னிக் கழுகுகளுக்கான சரணாலயம், 2012-ல் அறிவிக்கப்பட்டது, சுமார் 346 ஹெக்டேர். வனத்துறை வாயிலில் நுழைவுச் சீட்டு வாங்க வேண்டும். வாயில் திறக்கும் நேரத்தை முந்தைய நாளே தெரிந்துகொள்ளுங்கள். சீட்டுக்குச் சில்லறை வைத்திருங்கள், மலையடியில் சிக்னல் இல்லாமல் யூ.பி.ஐ. சுற்றிக்கொண்டே இருக்கும். டிரோன் வேண்டாம், பாறை ஏறும் சாகசமும் வேண்டாம். கழுகுகள் கூடு கட்டுவது அதே செங்குத்து முகப்புகளில்தான். மாடுகளுக்குப் போட்ட டைக்ளோஃபினாக் மருந்து, செத்த மாட்டைத் தின்ற கழுகுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்து இனத்தையே அழிவுக்குத் தள்ளியது. கால்நடைகளுக்கு அந்த மருந்தை 2006-ல் தடை செய்தார்கள். மிச்சமிருக்கும் சிலவற்றுக்கு இந்தப் பாறை புகலிடம்.

ராமர் கோயில் வரை படிகள் உண்டு. நிதானமாக ஏறலாம். வாசனைத் திரவியம் பூசிக்கொண்டு வராதீர்கள். பாறை இடுக்குகளில் மலைத்தேனீ அடை கட்டும். பிளாஸ்டிக் பை கையில் தெரிந்தால் குரங்கு பிடுங்கும், பையில் என்ன இருக்கிறது என்பதெல்லாம் அதற்கு அப்புறம்தான். மழைக்காலத்தில் பாறையில் பாசி படிந்திருக்கும், ஏறும்போது தெரியாது, இறங்கும்போது வழுக்கும். ரப்பர் செருப்பு கூடாது. பிடிமானமுள்ள ஷூ போடுங்கள்.

இனி ஸ்கிரீன்ஷாட்டை எடுங்கள். விளிம்புக் கோடு பொருந்தும்வரை இடம் வலமாக நடந்து பாருங்கள். கோடு பொருந்தியும் மலை மட்டும் சின்னதாக, தூரத்தில் இருப்பதுபோல் தெரிந்தால் இடத்தில் தவறில்லை, லென்ஸில்தான். போனின் 1x லென்ஸ் மிக அகலமானது, அது மலையைத் தள்ளி வைத்துவிடும். 2x அல்லது 3x-க்கு மாற்றிக்கொண்டு நாலடி பின்னால் வாருங்கள். ஷோலே 35 மி.மீ. பிலிமில் எடுத்து 70 மி.மீ.க்குப் பெரிதாக்கப்பட்டது, அகலத்திரைப் படம். அதனால் போனை 16:9-ல் படுக்கைவாட்டில் பிடியுங்கள். செங்குத்தாகப் பிடித்த ரீல்ஸ் வீடியோவில் எந்த மலையும் எந்தப் படத்தையும் நினைவூட்டாது.

வெளிச்சம் 9:30 வரைதான் நன்றாக இருக்கும். அதன்பின் கல்லின் மடிப்புகளில் நிழல் போய் எல்லாம் ஒரே சாம்பல் தட்டையாகிவிடும். ஷோலேயில் விதவை ராதா விளக்கணைக்கும் காட்சிகளுக்காக, மாலை மங்கும் சில நிமிட வெளிச்சத்தைப் பிடிக்க 20 நாள் எடுத்துக்கொண்டது அந்தப் படக்குழு. உங்களுக்கு ஒரு காலைப்பொழுதுதான், இட்லிக் கடையில் அதைக் கரைத்துவிடாதீர்கள்.

படி 6: நடுப்பகல்

பத்தரைக்கு மேல் பாறையில் வேலையில்லை. ராமநகரத்தைத் தாண்டி ஜனபத லோகா நாட்டுப்புறக் கலை அருங்காட்சியகம், செவ்வாய்க்கிழமை விடுமுறை. வயதானவர்களுக்கு நிழலும் உட்கார இடமும் இருக்கிறது. இன்னும் கொஞ்சம் போனால் சன்னபட்டணம். அரக்குச் சாயம் ஏற்றிய மரப்பொம்மைகள், நம் வெட்பாலை மரத்தில் கடைந்தவை. சாயம் தோய்த்த பஞ்சுபோல் மங்கலாக இல்லாமல், அரக்கு பளபளவென்று இழைந்திருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். இந்த ஊருக்குப் போனால் 20 கி.மீ.க்கு மேல் கூடும், மீட்டரை நினைவில் வையுங்கள். மதியச் சாப்பாட்டை மெயின் ரோட்டுப் பக்கமே முடித்துவிடுங்கள், அடுத்த பகுதியில் நல்ல உணவகம் கிடைப்பது அரிது.

படி 7: மஞ்சனபெலே, சாவனதுர்கா

குறுகிய ரோடு, ஊருக்கு ஊர் வேகத்தடை. 25, 30 கி.மீ.க்கு ஒரு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். அர்க்காவதி ஆற்றின் குறுக்கே மஞ்சனபெலே அணை. தண்ணீரில் காலைக்கூட வைக்காதீர்கள். வெளியே அமைதியாகத் தெரியும், அடியில் சேறும் திடீர்ப் பள்ளமும். நீச்சல் தெரிந்தவர்களே இறந்திருக்கிறார்கள்.

சாவனதுர்கா அடிவாரத்துக்கு மூன்றரை, நான்கு மணிக்குள் போய்ச் சேருங்கள். வீரபத்திரர் கோயிலும் நரசிம்மர் கோயிலும் அங்கே உள்ளன. கரிகுட்டா, பிளிகுட்டா என்று இரண்டு குன்றுகள்: கருங்குன்று, வெண்குன்று. 1791 டிசம்பரில் கார்ன்வாலிஸின் படை திப்புவிடமிருந்து பிடித்த கோட்டை இதன் மேல்தான் இருந்தது. கோயிலை விட்டுச் சற்று விலகி நின்று அந்த மொட்டைப் பாறையை அண்ணாந்து பார்த்தால், டேவிட் லீன் மராபாருக்கு ஏன் இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தார் என்பது விளங்கும். கதைக்கு மூலமான குகைகள் பீகாரின் பராபர் மலையில் இருக்கின்றன.

படி 8: திரும்புவது

ஐந்து மணிக்குக் கிளம்பிவிடுங்கள். மாகடி ரோடு ஒரு வழி. ஆனால் ஞாயிறு மாலை நகருக்குள் நுழையும்போது அது நகராது. தொட்ட ஆலத மர, அதாவது பெரிய ஆலமரம் வழியாக மைசூர் ரோட்டைப் பிடிப்பது மேல். சுமார் 3 ஏக்கர் பரந்த மரம், தாய்மரம் நோயில் போய் விழுதுகளே மரமாக நிற்கின்றன. வெளிச்சம் இருந்தால் பத்து நிமிடம் இறங்கலாம்.

காலையில் ஏறும்போதே மீட்டரைப் போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டு, இறங்குமிடத்தில் இன்னொரு படம் எடுங்கள். ஷெட் தூரத்தைக் கூட்டி, பேசிய வாட்ஸ்அப்பைத் திறந்து வைத்துக் கணக்கு முடியுங்கள். கட்டணப் பார்க்கிங் சீட்டுகளை டிரைவர் தந்தால் அதைத் தனியே கொடுங்கள். பேட்டா முதலாளி கணக்கில் சேர்ந்துவிட்டதா, அவர் கையில் தர வேண்டியதா என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள்.