விஎம்மில் நெட் வரவில்லையா? மோடை மாற்றுவதற்கு முன் இதைப் பாருங்கள்

என் லேப்டாப்பில் எப்போதும் நான்கு விஎம்கள், அதாவது லேப்டாப்புக்குள் மென்பொருளாகவே ஓடும் மெய்நிகர் கணினிகள், இருக்கும். லினக்ஸ் சர்வர் இரண்டு, டெபியன் டெஸ்க்டாப் ஒன்று, விண்டோஸ் 10 ஒன்று. மென்பொருள் சோதனை என் வேலை என்பதால் நாள் முழுக்க இவற்றோடுதான் பழக்கம். கூட வேலை செய்பவர்கள் "நெட் வரல, கொஞ்சம் பாருங்களேன்" என்று கொண்டுவரும் விஎம்களில் ஒரு விஷயம் மட்டும் மாறவே மாறாது. என்னிடம் வருவதற்குள் நேட்டிலிருந்து பிரிட்ஜுக்கும், பிரிட்ஜிலிருந்து ஹோஸ்ட்-ஒன்லிக்கும், மறுபடி நேட்டுக்கும் நான்கைந்து முறை மாற்றிப் பார்த்திருப்பார்கள். இவை விஎம்மை நெட்வொர்க்கோடு சேர்க்கும் மூன்று வழிகள், அதாவது மோடுகள்: நேட்டில் விஎம் லேப்டாப்பின் முகவரிக்குப் பின்னால் நின்று வெளியே போகும், பிரிட்ஜில் தனிக் கணினி போல நெட்வொர்க்கில் சேரும், ஹோஸ்ட்-ஒன்லியில் லேப்டாப்போடு மட்டும் பேசும். முதலில் இருந்த பிழை ஒன்று. இப்போது மூன்று.

அதனால் நான் முதலில் கேட்டுக்கொள்வது இதுதான்: மோடில் கை வைக்காதீர்கள். எந்த இடத்தில் இணைப்பு அறுந்திருக்கிறது என்று கண்டுபிடிக்க ஐந்து நிமிடம் போதும். இடம் தெரிந்துவிட்டால் மாற்ற வேண்டியது ஒன்றே ஒன்றாக இருக்கும்.

விஎம்முக்குள் போவதற்கு முன் ஹோஸ்டில், அதாவது லேப்டாப்பில், பிரவுசரைத் திறந்து ஏதாவது ஒரு தளம் வருகிறதா என்று பாருங்கள். விபிஎன் ஓடுகிறதா என்றும் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் உதவும். அப்புறம் விஎம்மின் நெட்வொர்க் அமைப்பைத் திறந்து இப்போது எந்த மோடில் இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதுங்கள். மாற்ற வேண்டாம், எழுதினால் போதும்.

ஐபி எண்ணே பாதி பதில்

விஎம்முக்குள் ஓடும் சிஸ்டத்தைக் கெஸ்ட் என்பார்கள். லினக்ஸ் கெஸ்ட் என்றால் டெர்மினலில் "ஐபி ஏ", விண்டோஸ் என்றால் "ஐபிகான்ஃபிக்". வரும் ஐபி எண்ணை, அதாவது நெட்வொர்க்கில் அந்தக் கணினியின் முகவரியை, பார்த்தாலே நிறையச் சொல்லிவிடலாம்.

விர்ச்சுவல்பாக்ஸ், விஎம்வேர், கேவிஎம் எல்லாம் விஎம்களை ஓட்டும் மென்பொருள்கள். 10.0.2.15 என்று வந்தால் விர்ச்சுவல்பாக்ஸின் நேட் சரியாக வேலை செய்கிறது. அங்கே கேட்வே (வெளியே போகும் வாசல்) 10.0.2.2, டிஎன்எஸ் (தளத்தின் பெயரை எண்ணாக மாற்றித் தருவது) 10.0.2.3. நான்கு விஎம்களை இந்த மோடில் வைத்தால் நான்குக்கும் அதே 10.0.2.15தான் கிடைக்கும். இது பிழையல்ல. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக ஒரு குட்டி ரவுட்டர் இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள், ஒன்றுக்கு மற்றது இருப்பதே தெரியாது. 192.168.122 என்று தொடங்கினால் கேவிஎம்மின் டிஃபால்ட் நெட்வொர்க். 192.168.56 என்று தொடங்கினால் விர்ச்சுவல்பாக்ஸின் ஹோஸ்ட்-ஒன்லி. அந்த ஒரு அடாப்டர் (நெட்வொர்க் கார்டு) மட்டும் இருந்தால் இணையம் வராது, வரவும் கூடாது. ஹோஸ்டோடு மட்டும் பேசுவதற்காகத்தான் அதை வைத்திருக்கிறார்கள். "நெட் வரல" என்று என்னிடம் வருகிறவற்றில் இந்த வகையும் உண்டு.

169.254 என்று தொடங்கினால் கெஸ்ட் டிஹெச்சிபியிடம் (கணினிகளுக்கு ஐபி கொடுக்கும் சேவை) முகவரி கேட்டுக் காத்திருந்து, பதில் வராமல் தானே ஒரு எண்ணைப் போட்டுக்கொண்டது என்று பொருள். பிழை கெஸ்டுக்கும் டிஹெச்சிபி தரவேண்டிய இடத்துக்கும் நடுவே இருக்கிறது. விஎம்வேர் என்றால் ஹோஸ்டில் அதன் டிஹெச்சிபி, நேட் சர்வீஸ்கள் இரண்டும் ஓடுகின்றனவா என்று பாருங்கள். கேவிஎம்மில் டிஃபால்ட் நெட்வொர்க் தொடங்காமலே கிடக்கலாம். அப்படி இருந்தால் விஎம்மே பெரும்பாலும் எழுந்திருக்க மறுக்கும். ஹோஸ்டில் "விர்ஷ் நெட்-ஸ்டார்ட் டிஃபால்ட்", கூடவே ஒவ்வொரு முறையும் தானாகத் தொடங்க "விர்ஷ் நெட்-ஆட்டோஸ்டார்ட் டிஃபால்ட்".

எண்ணே இல்லை, இன்டர்ஃபேஸ் (கெஸ்டுக்குள் தெரியும் அடாப்டர்) "டவுன்" என்று காட்டுகிறது என்றால் இரண்டு இடங்களைப் பாருங்கள். ஒன்று, விஎம் அமைப்பில் "கேபிள் கனெக்டட்" என்ற பெட்டியில் டிக் இருக்கிறதா. எனக்குத் தெரியாமல் அது எடுபட்டுக் கிடந்ததை இரண்டு முறை பார்த்திருக்கிறேன். இன்னொன்று, பெயர். விர்ச்சுவல்பாக்ஸில் முதல் அடாப்டர் லினக்ஸுக்குள் வழக்கமாக "ஈஎன்பி0எஸ்3" என்றும் இரண்டாவது "ஈஎன்பி0எஸ்8" என்றும் வரும். அதே விஎம்மை கேவிஎம்முக்குக் கொண்டுபோனால் பெயர் வேறாகிவிடும். ஆனால் சில லினக்ஸ்களில் நெட்வொர்க் அமைப்பை வைத்திருக்கும் நெட்பிளான் கோப்பில் பழைய பெயர்தான் எழுதியிருக்கும். இல்லாத அடாப்டருக்கு முகவரி கேட்டுக்கொண்டிருக்கும் பாவம் அந்த விஎம். கோப்பில் பெயரைத் திருத்தி "நெட்பிளான் அப்ளை" கொடுத்தால் சரியாகிவிடும்.

மூன்று பிங்

ஐபி சரியாக இருந்தால் அடுத்தது பிங், அதாவது ஒரு சின்னச் செய்தி அனுப்பிப் பதில் வருகிறதா என்று பார்ப்பது. முதலில் கேட்வேக்கு, அப்புறம் 8.8.8.8 அல்லது 1.1.1.1 போல வெளியே உள்ள ஒரு எண்ணுக்கு, கடைசியில் ஒரு தளத்தின் பெயருக்கு. வரிசையை மாற்றாதீர்கள். எது முதலில் தோற்கிறதோ அங்கே நில்லுங்கள்.

கேட்வே வரை போய் வெளியே போகவில்லை என்றால் "ஐபி ஆர்" அடித்து, வெளியே போகும் வழியைக் காட்டும் "டிஃபால்ட்" என்று தொடங்கும் வரி இருக்கிறதா, ஒன்றுதான் இருக்கிறதா என்று பாருங்கள். எண்ணுக்குப் போய் பெயருக்குப் போகவில்லை என்றால் டிஎன்எஸ் மட்டும்தான் சிக்கல். மோடை மாற்ற ஒரு காரணமும் இல்லை. ஹோஸ்டில் வைஃபை மாறிய பிறகோ விபிஎன் போட்ட பிறகோ கெஸ்ட் பழைய டிஎன்எஸ் சர்வரையே பிடித்துக்கொண்டிருக்கும். கெஸ்டின் இன்டர்ஃபேஸை ஒருமுறை அணைத்துப் போட்டால் பல நேரம் புதியதை எடுத்துக்கொள்ளும். அடிக்கடி இப்படி ஆகிறதென்றால், பெயர்களை ஹோஸ்டே கண்டுபிடித்துத் தரட்டும் என்று சொல்லும் ஒரு அமைப்பு விர்ச்சுவல்பாக்ஸ் நேட்டில் இருக்கிறது, அதைப் போட்டுவிடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. பிங் தோற்றால் இணைப்பு இல்லை என்று உடனே முடிவு கட்டாதீர்கள். விண்டோஸ் ஃபயர்வால் வெளியிலிருந்து வரும் பிங்கைப் பொது நெட்வொர்க்கில் இயல்பாகவே தடுத்துவிடும். க்யூஎமு என்ற விஎம் மென்பொருளின் யூசர் மோட் நெட்வொர்க்கில் கெஸ்டிலிருந்து வெளியே பிங் பொதுவாகப் போகாது, ஆனால் தளங்கள் நன்றாகத் திறக்கும். பிங் போகாத இடத்தில் "கர்ல்" கட்டளையை வைத்து ஒரு தளத்தைக் கேட்டுப் பாருங்கள்.

வைஃபையும் பிரிட்ஜும்

என்னை அதிகம் அலைக்கழித்தது இதுதான். வீட்டில் கேபிள் மாட்டி வேலை செய்தபோது பிரிட்ஜ் மோடில் இருந்த விஎம் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. மறுநாள் வேறொரு இடத்தில் வைஃபையில் லேப்டாப்பைத் திறந்தால் 169.254. இரவு வரை கெஸ்டுக்குள்ளேயே தேடினேன். கெஸ்டில் ஒரு பிழையும் இல்லை.

காரணம் வைஃபை வேலை செய்யும் விதத்தில் இருக்கிறது. பிரிட்ஜ் மோடில் விஎம் தன் சொந்த மேக் முகவரியோடு (ஒவ்வொரு அடாப்டருக்கும் உள்ள அடையாள எண்) நெட்வொர்க்கில் தலைகாட்டும். கேபிளில் ஒரே போர்ட்டில் எத்தனை மேக் முகவரிகள் வந்தாலும் சாதாரண ஸ்விட்ச் ஏற்றுக்கொள்ளும். வைஃபையில் அப்படி இல்லை. லேப்டாப் ஆக்சஸ் பாயிண்டோடு (வைஃபை தரும் கருவி) சேரும்போது தன் ஒரே மேக் முகவரியைத்தான் பதிவு செய்கிறது, மறைகுறியாக்கச் சாவியும் அந்த முகவரிக்கு உரியதுதான். பதிவில்லாத இன்னொரு மேக்கிலிருந்து ஒரு ஃபிரேம் (தரவுத் துண்டு) வந்தால் ஆக்சஸ் பாயிண்ட் அதைத் தூக்கிப் போட்டுவிடும்.

விர்ச்சுவல்பாக்ஸும் விஎம்வேரும் இதைச் சமாளிக்க ஒரு வழி வைத்திருக்கின்றன. வெளியே போகும் ஃபிரேம்களில் விஎம்மின் மேக்கை எடுத்துவிட்டு லேப்டாப்பின் மேக்கைப் போட்டு அனுப்பும், திரும்பி வருவதை ஐபியைப் பார்த்துப் பிரித்துக் கொடுக்கும். பல ரவுட்டர்களில் இது நன்றாகவே நடக்கிறது, சிலவற்றில் டிஹெச்சிபி பதில் வந்து சேர்வதில்லை. லினக்ஸ் ஹோஸ்டில் கர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) பிரிட்ஜ் அமைத்து அதில் வைஃபை அடாப்டரைச் சேர்க்கப் பார்த்தால், அந்த வேலைக்கு ஆதரவில்லை என்று கர்னலே மறுத்துவிடும். இதற்காக மணிக்கணக்கில் உட்கார வேண்டாம். வைஃபையில் நேட் போடுங்கள். பிரிட்ஜ் கட்டாயம் வேண்டுமென்றால் கேபிள் மாட்டுங்கள்.

இன்னும் எளிய காரணம் ஒன்றும் உண்டு. பிரிட்ஜ் எந்த அடாப்டரோடு கட்டப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். கேபிள் போர்ட்டோடு கட்டியிருந்து நீங்கள் வைஃபையில் இருந்தால் எதுவும் வராது. விஎம்வேரில் "ஆட்டோமேட்டிக்" என்று விட்டிருந்தால் அது விபிஎன் அடாப்டரையோ வேறொரு மெய்நிகர் அடாப்டரையோ தேர்ந்தெடுத்திருக்கலாம். நீங்களே பெயர் சொல்லித் தேர்ந்தெடுத்துவிடுங்கள். விருந்தினர் வைஃபை, உள்நுழைவுப் பக்கம் கேட்கும் வைஃபை இரண்டிலும் பிரிட்ஜை முயலவே வேண்டாம்.

நகல் எடுத்த விஎம்கள்

ஒரு சர்வரை நன்றாக அமைத்து அதை நகல் எடுத்து இரண்டாக ஓட்டினேன். எஸ்எஸ்ஹெச்சில் (வேறொரு கணினியிலிருந்து டெர்மினலில் நுழையும் வழி) உள்ளே போனால் சில நொடிகள் வேலை செய்யும், பிறகு உறைந்துவிடும். மறுபடி வரும், மறுபடி உறையும். இப்படி விட்டுவிட்டு வந்தால் முதலில் இரண்டுக்கும் ஒரே முகவரியா என்று சந்தேகப்படுங்கள். எனக்கு அதேதான். மேக் முகவரி இரண்டிலும் ஒன்றாக இருந்ததால் நகலுக்குப் புதிதாக உருவாக்கினேன். விர்ச்சுவல்பாக்ஸ் மேக் 08:00:27 என்றும் கேவிஎம் மேக் 52:54:00 என்றும் தொடங்கும், கடைசி மூன்று இணைகள் வேறாக இருந்தால் போதும். அதன் பிறகும் இரண்டுக்கும் அதே ஐபி வந்ததுதான் என்னைத் திகைக்க வைத்தது.

நெட்வொர்க்கைக் கவனிக்க சிஸ்டம்டி-நெட்வொர்க்டி என்ற சேவையைப் பயன்படுத்தும் லினக்ஸ்களில் டிஹெச்சிபியிடம் தன்னை அடையாளம் சொல்ல மேக்கை மட்டும் நம்புவதில்லை. ஈடிசி கோப்புறையில் உள்ள மெஷின்-ஐடி என்ற கோப்பிலிருந்து ஒரு அடையாளம் உருவாக்கி அதைத்தான் அனுப்புகிறது. நகல் எடுக்கும்போது அந்தக் கோப்பும் சேர்ந்து வந்துவிடுகிறது. டிஹெச்சிபி சர்வருக்கு இரண்டும் ஒரே ஆள்தான்.

தீர்வு: நகலில் அந்தக் கோப்பை அழிக்காமல் உள்ளடக்கத்தை மட்டும் காலியாக்கி ரீபூட் செய்யுங்கள், புதிய அடையாளம் தானே உருவாகும். அல்லது நெட்பிளானில் டிஹெச்சிபி-ஐடென்டிஃபையர் என்பதற்கு "மேக்" என்று மதிப்பு கொடுங்கள். இப்போதெல்லாம் நான் மூல விஎம்மில் அந்தக் கோப்பைக் காலியாக்கி, அணைத்த பிறகுதான் நகலே எடுக்கிறேன்.

உள்ளே நெட் வருகிறது, வெளியிலிருந்து உள்ளே போக முடியவில்லை

நேட்டின் இயல்பே அதுதான். எஸ்எஸ்ஹெச் வேண்டுமென்றால் போர்ட் ஃபார்வர்டிங்கில் (ஹோஸ்டின் ஒரு போர்ட்டுக்கு வருவதைக் கெஸ்டுக்கு அனுப்பும் அமைப்பு) ஹோஸ்டின் 2222ஐ கெஸ்டின் 22க்குத் திருப்பிவிட்டு, 127.0.0.1இல் (கணினி தன்னையே குறிக்கும் எண்) 2222க்கு இணையுங்கள். ஒரு வெப் சர்வருக்கு இதைச் செய்தும் வரவில்லையென்றால் கெஸ்டில் "எஸ்எஸ் -டிஎல்என்பி" அடியுங்கள், எந்த சர்வர் எந்த முகவரியில் காத்திருக்கிறது என்று காட்டும். சர்வர் 127.0.0.1இல் மட்டும் காதைத் திறந்து வைத்திருந்தால் வெளியிலிருந்து வருவது கேட்காது. 0.0.0.0க்கு, அதாவது எல்லா முகவரிகளுக்கும், மாற்ற வேண்டும்.

விண்டோஸின் விஎம் மென்பொருளான ஹைப்பர்-வியின் டிஃபால்ட் ஸ்விட்ச் பயன்படுத்துகிறவர்கள் கெஸ்டுக்குள் நிலையான ஐபி போடாதீர்கள். ஹோஸ்டை ரீபூட் செய்தால் அந்த ஸ்விட்சின் எண் வரம்பே மாறிவிடக்கூடும்.

பாதி வருகிறது, பாதி தொங்குகிறது

பிங் போகிறது, பெயரும் கிடைக்கிறது, ஆனால் தளம் திறக்காமல் சுற்றிக்கொண்டே இருக்கிறது. ஹோஸ்டில் விபிஎன் இருக்கும்போது இப்படி வந்தால் எம்டியுவை, அதாவது ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவை, பாருங்கள். கெஸ்ட் 1500 பைட் பாக்கெட் அனுப்பும். விபிஎன் குழாயோ சிறியது, வயர்கார்ட் என்ற விபிஎன்னில் வழக்கமாக 1420. சின்னப் பாக்கெட்கள் போய்விடும், பெரியவை வழியில் காணாமல் போகும். கேவிஎம் நேட்டில் இதைச் சந்தித்திருக்கிறேன். விர்ச்சுவல்பாக்ஸ் நேட்டில் டிசிபி இணைப்பை ஹோஸ்டே புதிதாகத் தொடங்குவதால் இந்தத் தொல்லை அரிது. கெஸ்டில் எம்டியுவைத் தற்காலிகமாக 1400 ஆக்கிப் பாருங்கள். தளங்கள் உடனே திறந்தால் காரணம் அதுதான், நிரந்தரமாகப் போட்டுவிடலாம்.

லேப்டாப் மூடியை மூடி மறுநாள் திறந்த பிறகு சில தளங்களில் சான்றிதழ் பிழை வந்தால் கெஸ்டின் கடிகாரத்தைப் பாருங்கள். நேற்றைய நேரத்திலேயே நின்றிருக்கும். இது நெட்வொர்க் பிழையே அல்ல, ஆனால் அதே வேடத்தில் வரும். விர்ச்சுவல்பாக்ஸின் துணை மென்பொருளான கெஸ்ட் அடிஷன்ஸைப் போட்டால் அல்லது நேர ஒத்திசைவை இயக்கினால் தீரும்.

இத்தனைக்கும் பிறகு என் லினக்ஸ் சர்வர்கள் இரண்டிலும் நான் நிலையாக வைத்திருக்கும் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். முதல் அடாப்டர் நேட், இணையத்துக்கு. இரண்டாவது ஹோஸ்ட்-ஒன்லி, என் லேப்டாப்பிலிருந்து உள்ளே போகவும் இரண்டு சர்வர்களும் தங்களுக்குள் பேசவும். அதில் 192.168.56.11, 192.168.56.12 என்று நானே ஐபி போட்டிருக்கிறேன். விர்ச்சுவல்பாக்ஸின் டிஹெச்சிபி 101லிருந்துதான் கொடுக்கத் தொடங்கும் என்பதால் மோதல் வராது. லேப்டாப்பை எந்த வைஃபைக்குக் கொண்டுபோனாலும் இந்த எண்கள் மாறுவதில்லை. இந்த இரண்டாவது அடாப்டரில் கேட்வே கட்டத்தை மட்டும் காலியாக விடுங்கள். அங்கே 192.168.56.1 என்று நிரப்பினால் டிஃபால்ட் வழி இரண்டாகிவிடும், இணையத்துக்குப் போக வேண்டிய பாக்கெட்கள் ஹோஸ்ட்-ஒன்லி பக்கம் போய் நின்றுவிடும்.