கோண அளவுகளில் வழுக்கும் இடங்கள்

உயர்நிலை மாணவர்களுக்குக் கணக்கு டியூஷன் எடுக்கிறேன். சூத்திரம் தெரியாமல் தவறு செய்பவர்களைவிட, அலகைக் கவனிக்காமல் கோட்டைவிடுபவர்களைத்தான் அதிகம் பார்க்கிறேன்.

சிங்கப்பூர் ஃபிளையர் என்ற ராட்சத ராட்டினத்தை எடுத்துக்கொள்வோம். விட்டம் 150 மீட்டர், 28 கூண்டுகள். பக்கத்துப் பக்கத்துக் கூண்டுகளுக்கு இடையே விளிம்பில் எவ்வளவு தூரம்? 360-ஐ 28-ஆல் வகுத்தால் சுமார் 12.86 டிகிரி. 'வில்லின் நீளம் = ஆரம் × கோணம்' என்று மனப்பாடம் செய்த பிள்ளை, 75-ஐ 12.86-ஆல் பெருக்கி 964 மீட்டர் என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடும். முழு வட்டத்தின் சுற்றளவே 471 மீட்டர்தானே! அந்தச் சூத்திரம் ரேடியனுக்கு மட்டும்தான். ஆரத்தின் நீளமே உள்ள வில், மையத்தில் தாங்கும் கோணம் 1 ரேடியன். அதனால்தான் வெறுமனே பெருக்கினாலே நீளம் கிடைக்கிறது. டிகிரியை π-ஆல் (பை) பெருக்கி 180-ஆல் வகுங்கள்: 0.224 ரேடியன். விடை சுமார் 16.8 மீட்டர்.

கால்குலேட்டரும் காலை வாரும். சைன் 30 என்று தட்டினால் 0.5 வரவேண்டும். −0.988 வந்தால் அது ரேடியனில் இருக்கிறது. 0.454 என்றால் கிரேடியன், அதாவது செங்கோணத்தை 100 பங்காக்கும் அலகு. பள்ளிக் கணக்கில் அதற்கு வேலையே இல்லை, யாரோ பொத்தானைத் தெரியாமல் அழுத்தியிருப்பார்கள். எக்செல் எப்போதும் ரேடியன்தான் கேட்கும்.

அடுத்தது தசமப் புள்ளி. சிங்கப்பூரின் அட்சரேகை ஏறக்குறைய 1 டிகிரி 17 நிமிடம். இதை 1.17 என்று எழுதினால் தெற்கே 12 கிலோமீட்டருக்கு மேல் தள்ளிப்போய்க் கடலில் நிற்பீர்கள். 60 நிமிடம் ஒரு டிகிரி என்பதால் 1.28 என்பதே சரி. நம் பஞ்சாங்கக்காரர்கள் கோணத்தின் டிகிரி, நிமிடம், விநாடிக்குப் பாகை, கலை, விகலை என்று தனிப் பெயர் வைத்திருக்கிறார்கள். கடிகார நிமிடத்தோடு குழப்பிக்கொள்ள வழியே இல்லை!

அப்புறம் சரிவு. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி புளோக்குகளின் கீழே சக்கர நாற்காலிக்கான சரிவுப் பாதைகளைப் பார்த்திருப்பீர்கள். 1:12 என்ற விகிதத்தை, அதாவது 12 பங்கு தூரத்துக்கு 1 பங்கு உயரம் என்பதை, 12 டிகிரி என்று நினைத்துக்கொள்பவர்கள் உண்டு. உண்மையில் அது 4.8 டிகிரிகூட இல்லை. 15 சென்டிமீட்டர் படியை ஏற 1:12 சரிவுக்கு 1.8 மீட்டர் இடம் வேண்டும். 12 டிகிரியில் கட்டினால் 70 சென்டிமீட்டரிலேயே பாதை முடிந்துவிடும். அதில் நாற்காலியை ஏற்ற இன்னோர் ஆளைக் கூப்பிட வேண்டியதுதான்.