'நத்திங் பட்', 'எனிதிங் பட்': ஒரு சொல்லில் தலைகீழாகும் பொருள்

கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்ஸில் எஸ்.பி.எம். என்னும் மலேசியப் பள்ளியிறுதித் தேர்வு மாணவர்களுக்கு ஆங்கிலம் சொல்லித்தரும் எனக்கு, மிகவும் கவலை தரும் தவறு 'நத்திங் பட்', 'எனிதிங் பட்' ஆகிய இரண்டையும் மாற்றிப்போடுவதுதான். முன்னாள் மாணவர் ஒருவர், தம்மிடம் வேலை பார்த்த இளைஞருக்கு எழுதிய பரிந்துரைக் கடிதத்தை அனுப்புமுன் என்னிடம் காட்டினார். அந்த இளைஞர் சோம்பேறியே அல்லர் என்று சொல்ல நினைத்து, 'ஹீ இஸ் நத்திங் பட் லேசி' என்று எழுதியிருந்தார். அவரிடம் சோம்பலைத் தவிர வேறொன்றும் இல்லை என்பதே அந்த வரியின் பொருள்.

இது கவனக்குறைவால் மட்டும் வரும் தவறன்று. தமிழில் 'எதுவும் கிடைக்கும்' என்றாலும் 'எதுவும் கிடைக்காது' என்றாலும் 'எதுவும்' மாறுவதில்லை; மறுப்பை வினையே சுமக்கிறது. நாம் அன்றாடம் பேசும் மலாயிலும் 'தாக் அடா அபா-அபா' (எதுவும் இல்லை) என்னும்போது மறுப்பு 'தாக்' என்ற சொல்லில் இருக்கிறது, 'அபா-அபா'வில் இல்லை. இவ்விரு மொழிகளில் பழகிய நமக்கு, 'நத்திங்' என்ற ஒரே சொல்லுக்குள் மறுப்பும் அடங்கியிருப்பது எளிதில் கண்ணில் படுவதில்லை.

இங்கே வரும் 'பட்' என்பதை 'ஆனால்' என்று கொள்ளாமல் 'தவிர' என்று படித்தால் குழப்பம் பெரும்பாலும் தீரும். 'எனிதிங் பட் லேசி' என்றால், அவரை வேறு எப்படி வேண்டுமானாலும் சொல்லலாம், சோம்பேறி என்று மட்டும் சொல்ல முடியாது. 'தி ஒர்க் இஸ் ஆல் பட் டன்' என்பதை வேலை முழுவதும் முடிந்ததாகப் பலர் படிக்கிறார்கள். கிட்டத்தட்ட முடிந்துவிட்டது, இன்னும் முடியவில்லை என்பதே சரி.

'ஹீ இஸ் நத்திங் இஃப் நாட் ஆனஸ்ட்' என்பது வசையன்று. நேர்மை இல்லையென்றால் அவர் அவரே அல்லர் என்னும் அளவுக்கு நேர்மையானவர் என்ற பாராட்டு அது. 'இஃப் எனிதிங்' என்பது 'சொல்லப்போனால்' என்று முன் சொன்னதைத் திருத்த வரும். 'இஃப் நத்திங் எல்ஸ்' என்பது 'வேறெதுவும் இல்லாவிட்டாலும் இதாவது' என்று பொருள்படும்.

தேர்வுக் கட்டுரையில் துணிந்து எழுதிப் பார்க்கலாம். இன்னொருவரின் வேலையே சார்ந்திருக்கும் கடிதத்தில் சந்தேகம் எழுந்தால், 'நாட் லேசி அட் ஆல்' என்று நேராக எழுதுவதே நல்லது. அந்த மாணவரும் அப்படி மாற்றித்தான் அனுப்பினார்.