விசையை இழுத்தும் வெடிக்காத மஸில்லோடர்: தப்பு முந்தின ராத்திரியே நடந்திருக்கும்

ஐப்பசி மழைக்கு நடுவில் தீபாவளி வருகிற சென்னையில் வளர்ந்த யாருக்கும் நமுத்த பட்டாசு என்ன செய்யும் என்று சொல்லித்தர வேண்டியதில்லை. அப்படி வளர்ந்த நானே பென்சில்வேனியாவில் இருந்தபோது, கிறிஸ்துமஸுக்கு மறுநாள் தொடங்கும் ஃபிளிண்ட்லாக் வேட்டை சீசனில் (மஸில்லோடர் என்பது குழலின் வாய்வழியே மருந்தும் குண்டும் போடும் துப்பாக்கி, அதில் கல் பொறியில் வெடிக்கும் பழைய வகைதான் ஃபிளிண்ட்லாக்), முப்பது கஜத்தில் நின்ற மானைக் குறிபார்த்து விசையை இழுத்தேன். குழலுக்கு வெளியே, பொறி விழும் சின்னக் கிண்ணத்தில் இருந்த வெடிமருந்து மட்டும் பளிச்சென்று எரிந்தது, குழல் மூச்சே விடவில்லை, மான் போய்விட்டது. காரணம் மழையோ பனியோ இல்லை. முந்தின நாள் குழலுக்குள் தாராளமாக எண்ணெய் போட்டு நிமிர்த்தி வைத்திருந்தேன், எண்ணெய் எல்லாம் அடியில் இறங்கி, மறுநாள் காலையில் நான் போட்ட மருந்தை ஊறவைத்துவிட்டது.

அக்கா மகன் அங்கே வேலைக்குப் போகிறான், இந்தத் துப்பாக்கியைப் பற்றிக் கேட்டுக்கொண்டே இருக்கிறான், அதனால் எழுதுகிறேன். நம் நாட்டில் வேட்டை 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம், ஆகவே இது அமெரிக்காவில் உரிமத்தோடு போகிறவர்களுக்கு மட்டும். பென்சில்வேனியாவில் முதல்முறை உரிமம் வாங்க வேட்டைப் பாதுகாப்புப் பயிற்சி முடித்திருக்க வேண்டும். அதை முடித்துவிட்டு இதைப் படியுங்கள்.

முதலில் மருந்து. குழலின் வாய்வழியே மருந்தும் குண்டும் போட்டுக் கெட்டிக்கிற துப்பாக்கி என்றாலும் எல்லாவற்றுக்கும் ஒரே மருந்து இல்லை, எது தீ வைக்கிறது என்பதைப் பார்த்துத்தான் மருந்து வாங்க வேண்டும். சிக்கிமுக்கிக் கல் பொறியில் ஓடும் ஃபிளிண்ட்லாக்குக்கு அசல் கறுப்பு வெடிமருந்து (வெடியுப்பு, கரி, கந்தகம் கலந்தது) தவிர வேறு எதையும் நம்பாதீர்கள், ஏனென்றால் அது குறைந்த சூட்டிலேயே பற்றிக்கொள்ளும். பைரோடெக்ஸ், டிரிபிள் செவன் மாதிரியான மாற்று மருந்துகளுக்கு அதைவிட அதிகச் சூடு வேண்டும், அந்தச் சின்னப் பொறிக்கு அவை மசியாது. பிளாக்ஹார்ன் 209 குழலில் அழுக்கைக் குறைவாக விடும், ஈரத்தையும் அவ்வளவாக இழுக்காது, ஆனால் 209 பிரைமர் (அடித்தால் சூடான தீ கக்கும் சின்ன உலோகக் குப்பி) போடும் இன்லைன் துப்பாக்கியில்தான், அதாவது குழலுக்கு நேர் பின்னாலிருந்து தீ போகும் புதுவகையில்தான், ஒழுங்காகப் பற்றும். மணியின் பருமனையும் பாருங்கள்: டப்பாவில் போட்டிருக்கும் எஃப் எண்ணிக்கை கூடக் கூட மணி பொடியாகும். 50 காலிபருக்கு (குழலின் உள்விட்டம் அரை அங்குலம்) கீழே பொதுவாக 3எஃப், அதற்கு மேலே 2எஃப், ஃபிளிண்ட்லாக் கிண்ணத்துக்கு மட்டும் 4எஃப். சரியாக 50 என்றால் இரண்டையும் போடுகிறார்கள், உங்கள் துப்பாக்கியின் கையேடு சொல்வதைக் கேளுங்கள்.

இன்றைய தோட்டாக்களில் இருக்கும் புகையில்லா மருந்தை ஒரு சிட்டிகைகூடப் போடக் கூடாது, அதற்கென்றே செய்த துப்பாக்கியாக இருந்தால் தவிர. குழல் வெடித்துக் கை போய்விடும்.

அளவு எடை அல்ல, கொள்ளளவு. அளவுக்குழாயில் அளந்துதான் ஊற்ற வேண்டும். டப்பாவிலிருந்து நேராகக் குழலுக்குள் சாய்த்தால், உள்ளே ஒரு கங்கு மிச்சமிருந்தாலும் டப்பாவே வெடிக்கும். டிரிபிள் செவனுக்கு வீரியம் கூடுதல், கறுப்பு மருந்துக்குப் போடும் அளவில் சுமார் 15 சதவீதம் குறையுங்கள். டப்பா ஈரம் பட்டிருந்தால் வெயிலில் காயவைக்கிற பட்டாசுப் பழக்கம் இங்கே வேண்டவே வேண்டாம், நிறைய தண்ணீரில் கரைத்து ஒழித்துவிட்டுப் புதிதாக வாங்குங்கள்.

அப்புறம் குழல். இதில்தான் பாதிப் பேர் கோட்டைவிடுகிறோம். போகிற அன்று காலையில், மருந்து போடும் முன், ஆல்கஹாலில் நனைத்த துணியைக் குழலின் அடி வரைக்கும் விட்டுத் துடைத்து, காய்ந்த துணியால் மறுபடி துடையுங்கள், துணியில் எண்ணெய்க் கறை தெரியாமல் போகிறவரை. தீ போகும் துவாரத்தை மெல்லிய கம்பியால் குத்திச் சுத்தம் செய்யுங்கள். கேப் (அடித்தால் தீப்பொறி விடும் சின்ன உலோகத் தொப்பி) போடும் துப்பாக்கி என்றால் வெறும் கேப் இரண்டை, குழல்வாயைத் தரையில் ஒரு புல்லுக்கு நேராகப் பிடித்துச் சுடுங்கள்: புல் அசைந்தால் வழி திறந்திருக்கிறது. பிறகு மருந்து, அதன்மேல் குண்டு, குண்டு மருந்தோடு ஒட்டி உட்காரும் வரை அழுத்தம். நடுவில் இடைவெளி விட்டால் குழலுக்கே ஆபத்து. சரியாக உட்கார்ந்தபோது கெட்டிக்கும் கம்பியில் ஒரு கோடு போட்டு வையுங்கள், ஒவ்வொரு முறையும் அந்தக் கோடு குழல்வாய்க்கு நேராக வர வேண்டும். கிண்ணத்தில் மருந்தைத் துவாரம் மூடும்படி நிரப்பாதீர்கள், பாதிக்கும் கீழே போதும். கல்லின் முனை மழுங்கியிருந்தால் மாற்றிவிடுங்கள், கல் உரசும் எஃகையும் துடையுங்கள்.

அங்கே குளிர்காலத்தில் இன்னொரு வில்லங்கம் உண்டு. வெளியே உறைகுளிரில் இருந்த துப்பாக்கியைச் சூடான அறைக்குள் கொண்டுவந்தால், ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த சொம்பு வியர்ப்பது போல அதுவும் வியர்க்கும், அந்த ஈரம் மருந்துக்குப் போகும். அதனால் பிரைமரையோ கேப்பையோ எடுத்துவிட்டு, கிண்ணத்து மருந்தைக் கொட்டிவிட்டு, சட்டம் அனுமதிக்கிற இடத்தில் பூட்டிக் குளிரிலேயே வையுங்கள். குழல்வாயில் ஒரு துண்டு டேப் ஒட்டிக்கொண்டால் மழையும் பனியும் உள்ளே போகாது.

எல்லாம் செய்தும் வெடிக்கவில்லையா? துப்பாக்கியை அசைக்காதீர்கள். மருந்து தாமதமாகப் பற்றுவது உண்டு, ஒரு முழு நிமிடம் குழலைப் பாதுகாப்பான திசையிலேயே பிடித்திருங்கள், எட்டிப் பார்க்கவோ ஊதவோ கூடாது. பிறகு துவாரத்தைக் குத்தி, புதுக் கேப்போ கிண்ணத்து மருந்தோ போட்டு மறுபடி சுடுங்கள். அப்போதும் இல்லையென்றால் மருந்து நனைந்திருக்கிறது, குண்டை வெளியே எடுக்கும் கருவியால் எடுத்து, முதலிலிருந்து துடைத்துத் தொடங்குங்கள். ஒரு தடவை வெடித்தபின்னும், அடுத்ததைக் கெட்டிக்கும் முன் ஒரு துணி விட்டு எடுங்கள், எரிந்த மருந்தின் கசடு உப்பு மாதிரி காற்றிலிருக்கும் ஈரத்தைக் குடிக்கும். அன்று மாலையே வெந்நீரும் சோப்பும் போட்டுக் கழுவி, நன்றாகக் காயவைத்து, மெல்லிசாக எண்ணெய் தடவி, குழல்வாய் கீழே இருக்கும்படி சாய்த்து வையுங்கள்.