பிக் பாண்ட் நிகழ்ச்சி இரவில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜாஸ் இசை வாசிக்கும் பெரிய குழுவான பிக் பாண்டில் வழமையாக 17 பேர் இருப்பார்கள்: 5 சக்ஸபோன், 4 ட்ரம்பெட், 4 ட்ரொம்போன், அவற்றுடன் பியானோ, கிற்றார், பேஸ், ட்ரம்ஸ். கொழும்பு ஹோட்டல் ஒன்றின் இராப்போசன விருந்துக்குக் கடைசி நேரத்தில் மூன்றாம் ட்ரம்பெட் வாசிக்க அழைக்கப்படுபவர் செய்யும் முதற் தவறு, தாம் தனியாக வாசிப்பதாக எண்ணிக்கொள்வதே. முதல் ட்ரம்பெட் ஒரு சுரத்தை எங்கே வெட்டுகிறதோ அங்கேயே மற்ற மூன்றும் வெட்ட வேண்டும். தாளத்தில் அரை அடி நீட்டினாலும் அது மண்டபத்தின் கடைசி மேசை வரை கேட்கும். அமெரிக்க ஜாஸ் குழுத் தலைவர் டியூக் எலிங்டன் ஒவ்வொரு கலைஞரின் தனிக் குரலுக்காகவே எழுதினார் என்று சிலர் வாதிடுவதுண்டு. 1963இல் இலங்கைக்கு வந்து வாசித்த அவருடைய குழுவிலிருந்த பரிட்டோன் சக்ஸபோன் கலைஞர் ஹாரி கார்னி, 1927இலிருந்தே அவருடன் இருந்தவர் என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள். அத்தனை வருடம் கூடவே வாசித்தவருக்குப் பொருந்துவது, கடைசி நேரத்தில் வருபவருக்குப் பொருந்தாது.

சுருதியில் நேரும் தவறுதான் இங்கே மிக அதிகம். காலி வீதி நெரிசலில் ஓட்டோவில் வியர்த்து வந்து, வெக்கையான பின்வழியில் நின்று சுருதி சேர்த்துவிட்டு, குளிரூட்டிய மேடையில் வரவேற்புரைகள் முடியும்வரை (அவை இலகுவில் முடிவதில்லை) வாத்தியத்தை மடியில் வைத்திருப்பவரின் முதற் சுரம் தாழ்ந்தே ஒலிக்கும். வெப்பநிலை ஒரு பாகை கூடினால் ஒலியின் வேகம் செக்கனுக்கு ஏறத்தாழ 0.6 மீற்றர் கூடும். ஆகவே குழாயினுள் இருக்கும் காற்று குளிர்ந்தால் சுருதி இறங்கும், இரண்டு பாட்டு வாசித்துச் சூடேறினால் மேலே போகும், பியானோ மட்டும் அசையாது. உரைகள் நடக்கும்போதே சத்தமின்றி வாத்தியத்துக்குள் சூடான மூச்சை ஊதிக்கொண்டிருப்பதும், முதற் பாட்டு முடிந்ததும் சுருதியை மறுபடி சரிபார்ப்பதும் அவசியம்.

இசைத்தாளில் பேனாவால் குறிப்பெழுதக் கூடாது. தாள் குழுவினுடையது, பென்சில் போதும். சைகை வரும்வரை திரும்பத் திரும்ப வாசிக்க வேண்டிய பகுதியில் தாளுக்குள் தலையைப் புதைத்திருப்பவர், நடத்துநரின் கையைக் காணாமல் தனியே அடுத்த சுற்றுக்குள் நுழைந்துவிடுவார். ஒலியை அடக்க வாத்தியத்தின் வாயில் செருகும் மியூட்டைக் கதிரையின் விளிம்பில் வைப்பதும் ஆபத்து: மெல்லிய பகுதியில் அது பலகைத் தரையில் விழுந்து உருளும் ஓசைக்கு எந்தத் திறமையும் ஈடாகாது. காலிமுகத்திடல் பக்கத்துப் புல்வெளியில் வாசிப்பதானால், கடற்காற்றுக்குத் தாள் பறக்காமலிருக்க உடுப்புக் கிளிப்புகளையும் கொண்டுபோக வேண்டும்.

உணவு பரிமாறும் வேளையில் முழுச் சத்தத்துடன் ஊதினால் விருந்தினர் பேச முடியாது. அடுத்த முறை அழைப்பும் வராது. நள்ளிரவை நெருங்கும்போது இலங்கையின் ஆட்டப்பாட்டான பைலா கேட்பார்கள். அதை இளக்காரமாக எண்ணி அசட்டையாக வாசிப்பது பெருந்தவறு, ஏனெனில் அந்த 6/8 தாளத்தை ஜாஸின் சுவிங் நடையில் இழுத்தால் ஆடுபவர்களின் கால்களே முதலில் பிழையைக் கண்டுபிடிக்கும். முடிந்ததும் தாள்களை இலக்க வரிசைப்படி அடுக்கிக் கோப்பிலிட்டுத் திருப்பிக் கொடுத்த பின்னரே புறப்பட வேண்டும்.